சுண்டு விரலுக்கு வந்த வேலை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சரவணம்பட்டியில் ஒரு அப்பார்ட்மென்ட் ஹாலில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் கணவரின் விரல் நுனி கழன்று விழுந்து நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு ஓடியது.

பதற வேண்டாம். ரத்தம் வரவில்லை. யாரும் ஆம்புலன்ஸுக்கு போன் போடவில்லை. ஆனால் அந்த அரை நிமிடம் என் நெஞ்சு அடித்துக்கொண்டது இருக்கிறதே... அது ஏன் என்று சொல்ல நான் ஏழு மாதம் பின்னால் போக வேண்டும்.

கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பியது நான்தான். இந்தப் பக்கத்தில் ஜம்பமாக எழுதியும் இருந்தேன். நீங்களும் வாழ்த்தெல்லாம் அனுப்பினீர்கள். அதற்கப்புறம் இந்த அம்மா கிட்டாரைப் பற்றி வாயே திறக்கவில்லையே என்று யாராவது யோசித்தீர்களா? இரண்டே வாரத்தில் விட்டுவிட்டேன். அதனால்தான்.

டீச்சர் பெயர் ஷீபா. இருபத்தெட்டு வயது. வாரத்தில் ஐந்து நாள் ஐ.டி. வேலை, சனிக்கிழமை காலையில் தன் ஃப்ளாட்டிலேயே கிளாசிக்கல் கிட்டார் வகுப்பு. இந்த வகைக் கிட்டாரில் கையில் பிளாஸ்டிக் துண்டு எதையும் பிடித்துக்கொண்டு கம்பியைச் சுரண்ட மாட்டார்கள். வலது கை விரல்களே மீட்ட வேண்டும். தடித்த கம்பிகளுக்குக் கட்டை விரல். மெல்லிய கம்பிகளுக்கு ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரல். சுண்டு விரலுக்கு லீவு.

"தொடுங்க, அழுத்துங்க, விடுங்க. இழுக்காதீங்க ஆன்ட்டி."

இதுதான் முதல் நாள் பாடம். விரல் முதலில் கம்பியைத் தொட்டு நிற்க வேண்டும். பிறகு லேசாக அழுத்தி, உள்ளங்கையைப் பார்த்து விட்டுவிட வேண்டும். விரலின் அடிக்கணுவிலிருந்து அசைய வேண்டும். முக்கியமான விஷயம் – ஒரு விரல் வேலை செய்யும்போது மற்ற விரல்கள் சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பதா? என் விரல்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஆள்காட்டி விரலை அசைத்தால் மொத்தக் குடும்பமும் கூடவே கிளம்பியது. ஷீபா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆன்ட்டி... நீங்க பிசையறீங்க."

அது கூடப் பரவாயில்லை. நகம் வளர்க்க வேண்டும் என்றாள். அதுவும் வலது கையில் மட்டும். இடது கையில் ஒட்ட வெட்டிவிட வேண்டும். கிட்டார் கண்டுபிடித்த ஊரில் ஸ்பூனில் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கென்ன? வலது கையில் நகம் வளர்த்துக்கொண்டு ரசம் சோறு பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம். பத்தே நாளில் நான்கு நகமும் மஞ்சள் பூத்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை சப்பாத்தி மாவு பிசையும் முன்பு நெயில் கட்டரை எடுத்தேன். என் சங்கீத வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

கிட்டார் உறை போட்டு டி.வி. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அங்கேதான் எங்கள் வீட்டுக்காரர் கதைக்குள் வருகிறார்.

பழைய வாசகர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக... பெயர் துரைசாமி, வயது அறுபது, கணபதியில் பம்ப்செட் உதிரி பாகம் செய்யும் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வீட்டில் எது உடைந்தாலும் கடைக்குப் போக மாட்டார். தானே செய்துவிடுவார். எங்கள் குக்கர் மூடிக்குக் குமிழ் பித்தளையில் இருக்கிறது. பாத்ரூம் தாழ்ப்பாள் ஒரு பேங்க் லாக்கருக்கு ஆகும். கோயம்புத்தூரில் பாதி ஆண்கள் இப்படித்தான், என்னிடம் மட்டும் வந்து அனுதாபம் சொல்லாதீர்கள்.

இன்னொரு விஷயம். இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கத்தில் எழுதாதது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவருடைய வலது கை மோதிர விரலில் மேல் கணு கிடையாது. இருபத்து மூன்று வயதில், வேறொருவர் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது வாஷர் அடிக்கிற பவர் பிரஸ்ஸில் போய்விட்டது. ஒரு நொடிகூட இல்லை என்பார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

பேச மாட்டார், காட்டவும் மாட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காப்பி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். எங்கள் அப்பாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "மாப்பிள்ளை எத்தனை மரியாதை பாத்தீங்களா" என்று அன்றைக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விரல் விஷயத்தைத் தரகர் முதலிலேயே சொல்லியிருந்தார். அந்த மரியாதையில் அப்பாவுக்கு அது மறந்தே போய்விட்டது.

எனக்கு மட்டும் விஷயம் போகப் போகத்தான் புரிந்தது. அது மரியாதை இல்லை. வலது கையின் மேல் இடது கையைப் போட்டு மூடிக்கொள்கிற வித்தை. பத்திரிகை வைப்பதென்றாலும் இரண்டு கை, கடையில் பாக்கிச் சில்லறை வாங்குவதென்றாலும் இரண்டு கை. எங்கள் சொந்தத்தில் 'துரைசாமி மாதிரி பணிவான ஆள் பார்க்க முடியாது' என்று பெயரே ஆகிவிட்டது. எங்கள் ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள்... ஒரு போட்டோவிலும் அந்தக் கை இருக்காது. பேன்ட் பாக்கெட்டில் இருக்கும், இல்லாவிட்டால் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதர், உலகத்தில் இத்தனை பொழுதுபோக்கு இருக்க, வலது கையை நாலு பேர் முன்னால் வைத்துக் காட்டுகிற வித்தையில் போய் விழுந்தார்.

காரணம் நான்தான். என்னை வகுப்புக்குக் காரில் கூட்டிப் போனவர், இரண்டு சனிக்கிழமையும் அங்கேயே ஓரமாக உட்கார்ந்திருந்தார். பேப்பர் படிக்கிறார் என்று நினைத்தேன். ஷீபாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்தப் புள்ளையோட கையப் பாத்தியா, அம்மணி? ஒரு வெரல் அடிக்கறப்ப மத்தது பூராச் சும்மா நிக்குது. லோடு எப்படிப் பிரிச்சுக் குடுத்திருக்கறாங்க" என்றார் ஒரு நாள். அவருக்கு அது சங்கீதமாகவே தெரியவில்லை. நல்ல மெஷினாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரம் நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஹாலில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எட்டிப் பார்த்தேன். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கட்டை விரலால் ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருந்தார். தொட்டு, அழுத்தி, விட்டு. முகத்தில் அப்படி ஒரு அமைதி. என்னைப் பார்த்ததும் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "கம்பி துருப்பிடிச்சுப்போச்சான்னு பாத்தேன்" என்றார். நைலான் கம்பி. எப்படித் துருப்பிடிக்கும்?

அந்தச் சனிக்கிழமையிலிருந்து அவர் மாணவர், நான் டிரைவர்.

அறுபது வயது மாணவர் இருபத்தெட்டு வயது டீச்சரை 'மிஸ்ஸுங்க' என்றுதான் கூப்பிடுவார். "வாரேனுங்க மிஸ்", "சரீங்க மிஸ்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ங்க'. நகம் விஷயத்தில் அவர் என்னைப் போல அழவில்லை. ஒர்க்‌ஷாப்பில் பாலிஷ் போடுகிற வாட்டர் பேப்பரை, இருப்பதிலேயே நைஸாகப் பார்த்துக் கொண்டுவந்து, மூன்று நகத்தையும் தேய்த்து வளைவு கொடுத்தார். ஷீபா அசந்துபோனாள். "அங்கிள், எனக்கும் ஷேப் பண்ணித் தர்றீங்களா?" என்று கேட்டாள்.

மூன்று நகம் என்று சொன்னேனே, கவனித்தீர்களா? நான்காவது விரலை அவளுக்கு அவர் காட்டவேயில்லை. மோதிர விரலை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டே இரண்டு வகுப்பை ஓட்டிவிட்டார்.

மூன்றாவது வகுப்பில் மாட்டினார். நான்கு விரலையும் நான்கு கம்பியில் வைக்கச் சொன்னாள் ஷீபா. இவர் மூன்றை வைத்தார்.

"மோதிர விரல், அங்கிள்?"

நான் ஓரத்தில் உட்கார்ந்து காதில் விழாத மாதிரி போனைத் தடவிக்கொண்டிருந்தேன். இவர் மெதுவாக விரலை நீட்டினார். அந்தப் பெண் 'ஐயோ' என்று சொல்லவில்லை. 'எப்படி ஆச்சு' என்றும் கேட்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "சரி, அப்ப சுண்டு விரலுக்கு வேலை வந்துருச்சு. புத்தகத்துல மோதிர விரல் வர்ற இடத்துல எல்லாம் நீங்க சுண்டு விரலைப் போடுங்க. அது கொஞ்சம் வீக்கா இருக்கும், பழகிரும்" என்றாள்.

அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

சுண்டு விரல் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. கல்யாணத்தன்று மணவறையைச் சுற்றி வரும்போது அந்தச் சுண்டு விரலில்தான் என் சுண்டு விரலைக் கோர்த்துவிட்டார்கள். மூன்று சுற்றும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். கூரைப் புடவை தடுக்கியபோது என்னை விழாமல் நிறுத்தியதும் அதுதான்.

ஆனால் மனிதர் கேட்டாரா? வகுப்பு முடிந்து வீடு வந்ததும் கார் சாவியை என்னிடம் வாங்கிக்கொண்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து கையை நீட்டினார். மோதிர விரல் நுனியில் பளபளவென்று ஒரு பித்தளைத் தொப்பி.

"செஞ்சுபோட்டேன்" என்றார்.

பித்தளையில் கிட்டார் கம்பியை மீட்டினால் எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது. இரண்டாவது, நைலானில் ஒன்று கடைந்தார். அது வழுக்கியது. மூன்றாவதாகத் தேங்காய்த் தொட்டியில், அதாவது கொட்டாங்குச்சியில், ஒரு துண்டை வெட்டி, தேய்த்து, உள்ளே சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டி ஒரு தொப்பி செய்தார். அது நிஜமாகவே நன்றாக இருந்தது. நிறம்கூட விரலோடு ஒத்துப்போயிற்று. தள்ளி நின்று பார்த்தால் விரல் முழுசாக இருப்பது போலவே தெரியும்.

ஷீபா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "டோன் நல்லா இருக்குது அங்கிள். ஆனா கம்பி உங்க விரலுக்குத் தெரியாதே. தொட்டாத்தானே அழுத்தவும் விடவும் முடியும்? இது போட்டுட்டு நீங்க எதைத் தொடுவீங்க?" என்றாள்.

"பழகிக்கறனுங்க மிஸ்" என்றார் இவர். பழகியும் கொண்டார். ஐந்து மாதம், தினமும் காலையில் ஒரு மணி நேரம். சுண்டு விரல் பாடத்தையும் ஷீபா விடவில்லை, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பத்து நிமிடம் வாசிக்க வைப்பாள். அந்தப் பத்து நிமிடமும் இவர் கைக்கு நேரே என்னை உட்கார விட மாட்டார்.

மாணவர்கள் எல்லாம் ஒரு நாள் ஹாலில் வாசிக்க வேண்டும் என்று ஷீபா சொன்னபோது, "இந்த வயசுல எனக்கு எதுக்குங்க மிஸ்" என்று நழுவப் பார்த்தார். அவள் ஏழாவதாகப் பெயரை எழுதிவிட்டாள். அன்றைக்குக் காரில் நான் கேட்டே விட்டேன்.

"ஏனுங்க மாமா, அந்தப் புள்ளை சுண்டு வெரலே போதும்னு சொல்லுது. சத்தமும் அதுலதான் நல்லா வருது. அப்புறம் எதுக்குங்க அந்தத் தொப்பி?"

சிக்னலில் சிவப்பு விளக்கு. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுண்டு வெரல்ல அடிச்சா இது நடுவுல குட்டையா நீட்டிட்டு நிக்கும் அம்மணி. நாலு பேரு இருக்கற எடத்துல பாட்டக் கேப்பாங்களா, இதப் பாப்பாங்களா?"

வாரா வாரம் இத்தனை பேருக்குப் புத்தி சொல்கிறேன், பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. அந்தத் தொப்பி கம்பிக்காகச் செய்தது இல்லை, பார்க்கிறவர்கள் கண்ணுக்காகச் செய்தது என்பது மட்டும் புரிந்தது. பச்சை விழுந்தது. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

இவருக்கு முன்னால் வாசித்த ஆறு பேரில் நான்கு பேருக்குப் பால் பல்லே விழுந்திருக்காது. அவர்கள் ஜம்மென்று வாசித்துவிட்டுப் போனார்கள். இவர் அயர்ன் செய்த வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தார். இடது காலை ஸ்டூலில் வைத்தார். நான் மூன்றாவது வரிசை ஓரத்தில், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

ஆரம்பம் அருமை. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரல், மறுபடி நடு, ஆள்காட்டி... ஆறு சுரமாக ஒரு சுற்று. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை செய்கிற விரலைத் தவிர மற்றவை சும்மா. ஷீபா சுவரோரமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நானும் மூச்சு விட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் 'டக்'.

காரணத்தை அப்புறம் அவரே கண்டுபிடித்துச் சொன்னார். வெயில் நேரத்தில் தகர ஷெட்டில் உட்கார்ந்து அளவெடுத்திருக்கிறார். ஹாலில் ஏசி. விரல் சுருங்கித் தொப்பி லூஸாகிவிட்டது. நூலில் பாதி அளவு பிசகினாலே பம்ப்செட் பாகத்தைத் திருப்பி அனுப்புகிற மனிதர், தன் விரலில் ஏமாந்துவிட்டார்.

தொப்பி தரையில் விழுந்து, இரண்டு வரிசையைத் தாண்டி உருண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் செருப்பில் முட்டி நின்றது. கிட்டார் நின்றுவிட்டது. அந்த அம்மா குனிந்து எடுத்து, உயர்த்திப் பிடித்து, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏனுங்க, இது உங்களுதுங்களா?" என்று கேட்டார்.

நாற்பது தலையும் இவர் பக்கம் திரும்பியது.

இவருடைய வலது கை கம்பியை விட்டுவிட்டது. இடது கை அதன் மேல் போய் மூடிக்கொண்டது. முப்பத்தொரு வருஷமாக நான் பார்க்கிற அதே மூடல். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவார். எல்லோரும், 'பாவம், எவ்வளவு பணிவு' என்பார்கள். நாளைக்குக் கிட்டார் உறைக்குள் போய்விடும். அப்புறம் தினமும் காலையில் கிட்டாரோடு நான் பார்க்கிற அந்த அமைதியான முகத்தைப் பார்க்கவே முடியாது.

என்ன செய்வது? கத்தவா முடியும்? என் வலது கையை உயர்த்தினேன். நான்கு விரலை மடக்கிச் சுண்டு விரலை மட்டும் நீட்டிக் காட்டினேன்.

பக்கத்து அம்மா உடனே என் காதருகில் குனிந்தார். "பாத்ரூம் அக்கட்டால இருக்குதுங்க, லிஃப்டுக்குப் பக்கத்துல."

நான் கையை இறக்கவில்லை.

அவர் பார்த்தார். என்னையும், நீட்டி நின்ற என் சுண்டு விரலையும். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார்.

"என்னுதுதானுங்க. கையிலயே வெச்சிருங்க. முடிச்சுப்போட்டு வந்து வாங்கிக்கறேன்."

இடது கை விலகி கிட்டாரின் கழுத்துக்குப் போனது. வலது கை கம்பிக்கு வந்தது. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல்... சுண்டு விரல். நடுவில் அந்தக் குட்டை விரல் நீட்டிக்கொண்டுதான் நின்றது. நான் கண்ணால் பார்த்தேன், எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு வேலை இல்லை, சும்மா நின்றது. அவ்வளவுதான்.

பிரமாதமாக வாசித்தார் என்று எழுதினால் ஷீபா என்னை மன்னிக்க மாட்டாள். இரண்டு இடத்தில் சுண்டு விரல் கம்பியைத் தவறவிட்டது. ஒரு இடத்தில் சத்தமே வரவில்லை. ஆனால் தொட்டு, அழுத்தி, விட்டது. வந்த சத்தமெல்லாம் அவர் விரல் தொட்டு வந்த சத்தம். பக்கத்து அம்மா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

முடிந்தது. கை தட்டினார்கள். கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு நேராக எங்கள் வரிசைக்கு வந்தார்.

"குடுங்க" என்று சொல்லி அந்த அம்மாவிடம் வலது கையை நீட்டினார்.

வலது கையை மட்டும். இடது கை காலியாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது, நான் நன்றாகப் பார்த்தேன். அவர் விரித்த உள்ளங்கையில் அந்த அம்மா தொப்பியை வைத்தார். ஒற்றைக் கையால் வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இத்தனை வருஷத்தில் என் கணவர் யாரிடமும் எதையும் இப்படி மரியாதை இல்லாமல் வாங்கி நான் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்று இப்படி வாங்கியிருந்தால் எங்கள் அப்பா யோசித்திருப்பார்.

நான் யோசித்திருக்க மாட்டேன்.